குளித்த தண்ணீர் எங்கே போவது?



சென்ற மாதம் வீட்டுத்தோட்டத்தைப் பற்றி எழுதியபோது, வறட்சிக் காலத்தில் குளித்த தண்ணீரையும் கழுவிய தண்ணீரையும் செடிகளுக்கு விடலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. முல்லைத்தீவிலிருந்து ஒரு சகோதரி, "எங்கட கிணற்றடியில வாழை நிக்குது. தண்ணி அதுக்குத்தான் போகுது. இதில புதுசா என்ன இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

கிணற்றடி வாழையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் பாட்டிமார் கழிவுநீர் முகாமைத்துவம் என்ற சொல்லையே கேட்டதில்லை. ஆனால் அரிசி கழுவிய தண்ணீர் கழுநீர்ப் பானை வழியாக மாட்டுக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு, குளித்த தண்ணீர் கமுகுக்கும் தென்னைக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வன்னியின் சமமான நிலத்தில், வீட்டுக்கு வீடு இடைவெளியுள்ள காணியில், கிணறும் தள்ளி இருந்தால் அந்த வழி இன்றைக்கும் பொருந்தும். நான் வேலை செய்கிற பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் பொருந்தாது. ஏன் என்பதை ஒரு வீட்டின் கதையாகச் சொல்கிறேன். அந்த வீட்டுக்கார அக்காவின் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம் என்றார்.

அவருடைய தாத்தா பாட்டி பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்குப் போனார்கள். மலையகத்திலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் எத்தனையோ. அக்கா பிறந்தது கிளிநொச்சியில். 2009இல் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடும் தாயோடும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து விடுபட்ட பிறகு தாயின் அண்ணன் குடும்பத்தைத் தேடித் திரும்பத் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தார். கிடைத்தது லயத்தின் கடைசிக் காம்பரா. யாரும் விரும்பி எடுக்காத காம்பரா அது.

கடைசிக் காம்பராவை ஏன் யாரும் விரும்புவதில்லை என்பது லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். மலையைத் தட்டுத் தட்டாக வெட்டி, ஒவ்வொரு தட்டிலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளை ஒட்டி ஒட்டிக் கட்டியதுதான் லயம். வாசலோடு ஒரு காண் ஓடும். பத்து வீட்டுக்காரர் பாத்திரம் கழுவியதும் முகம் கழுவியதும் துணி அலசியதும் அந்தக் காணில் விழுந்து கடைசி வீட்டுச் சுவரோரமாகச் சரிவில் இறங்கும். காண் உடைந்திருந்தால் சுவரடியிலேயே ஊறும். லயத்துச் சண்டைகளில் பாதி இந்தக் காணால் வருகிற சண்டை என்று சொன்னால் மிகையில்லை.

நான் அவரை முதலில் சந்தித்தபோது அவர் காணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. குளிப்பதைப் பற்றித்தான் சொன்னார். தோட்டத்தில் பெண்கள் குளிப்பது பீலியடியில். வேலை விட்டு வந்து, பிள்ளைகளைப் பார்த்து, அடுப்பு மூட்டிவிட்டுப் போவதற்குள் இருட்டிவிடும். "முகாமில மூணு வருசம் ஆக்கள் பாக்கக் குளிச்சாச்சு மிஸ். இங்கயும் அப்பிடித்தானா?" என்று கேட்டார். மகளுக்கு அப்போது பதினாறு வயது. வீட்டோடு நான்கு தகரம் அடித்து ஒரு மறைப்புக் கட்டிக்கொள்ளலாமே என்று நான் சாதாரணமாகச் சொன்னேன். மூன்று நாட்களில் மறைப்பு எழும்பியது. நான்காம் நாள் லயமே கூடி வந்து நின்றது.

அவர்கள் கேட்டது ஒன்றுதான். குளிக்கிற தண்ணீர் எங்கே போகும்? பத்து வீட்டுத் தண்ணீர் இறங்குகிற அதே ஓரத்தில் இன்னும் ஒரு குளியலறைத் தண்ணீரும் இறங்கினால் சரிவு தாங்குமா? முதலில் இதை வந்தேறிக் குடும்பத்தின் மேலுள்ள பொறாமை என்று நினைத்தேன். நான் நினைத்தது தவறு. அவர்கள் பயந்தது சரியான பயம்.

ஊவாவில் இருப்பவர்களுக்கு மீரியபெத்தையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மலைச்சரிவோடு மண்ணுக்குள் போயின. அது அடுப்படித் தண்ணீரால் வந்ததல்ல. பெருமழையும் மலையின் தன்மையும் சேர்ந்து செய்தது. ஆனால் சாய்வான நிலம் உள்ளே எவ்வளவு நனைகிறதோ அவ்வளவு பாரமாகிறது, அவ்வளவு பிடிமானம் இழக்கிறது. அதனால்தான் மழைநீரானாலும் வீட்டுக் கழிவுநீரானாலும் சரிவில் ஊறவிடாமல் காண் வழியாகக் கீழே கொண்டுபோகச் சொல்கிறார்கள். வன்னியில் வாழையடியில் ஒரு குழி தோண்டி நீரை ஊறவிடுவது நல்ல பழக்கம். அதே குழியை இங்கே லயத்துக்கு மேலோ சுவரோரமோ தோண்டினால் ஆபத்து. முல்லைத்தீவுச் சகோதரியின் கேள்விக்கு என் முதல் பதில் இதுதான். இங்கே தண்ணீர் செடிக்குப் போக வேண்டும், ஆனால் கண்டபடி மண்ணுக்குள் இறங்கக் கூடாது.

அப்போதுதான் செயற்கை ஈரநிலம் என்று படித்தது நினைவுக்கு வந்தது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். குளக்கரைச் சேற்றில் சம்பும் கோரையும் வளர்கிற இடத்தில் தண்ணீர் தெளிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையே கசியாத ஒரு தொட்டியில், கல் நிரப்பி, செடி நட்டு நாமே செய்துகொள்வதுதான் இது. கல்லின் மேல் வழுவழுப்பாகப் படிகிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அழுக்கைத் தின்னும். செடியின் வேர்கள் அவற்றுக்குக் காற்றும் இடமும் கொடுத்து, தண்ணீரிலுள்ள உரச் சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். நாணல்களால் அழுக்குத் தண்ணீரைத் தெளிய வைக்க முடியுமா என்று 1950களில் ஜேர்மனியில் ஆராய்ந்தவர் கேத்தே ஸைடல் என்ற பெண் விஞ்ஞானி. அந்தக் காலத்தில் பொறியியலாளர்கள் அவர் சொன்னதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகு நம்மைப் போன்ற மலைநாடான நேபாளத்தில், தூலிக்கேல் வைத்தியசாலையின் கழிவுநீரைச் சுத்தம் செய்ய 1997இல் இப்படியான நாணல் படுகைகளைத்தான் அமைத்தார்கள். நம் நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் சேற்றுநிலங்களில் வளரும் ஒரு பெரிய கோரை இனத்தைக் கொண்டே வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்து பார்த்து 2006இல் கட்டுரைகள் வெளியிட்டார்கள்.

2022ஆம் ஆண்டு அது. சாமான் விலை ஏறி, வீட்டுக்கு வீடு பயிர் வைக்கச் சொன்ன காலம். தண்ணீர் இல்லாமல் என்ன பயிர் வைப்பது? ஊவாவில் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று வரட்டு வரட்டென்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகம் புகழும் வாசனை வருவது அந்தக் காற்றில்தான். நமது பீலி நூலாகிப் போவதும் அதே காற்றில்தான். தலையில் சுமந்து வந்த தண்ணீரைக் குளித்துவிட்டுச் சரிவில் விடுவது அக்காவுக்கே மனம் பொறுக்கவில்லை.

முதலில் அளந்தோம். இரண்டு நாட்கள் வாளிக் கணக்கு எழுதினோம். நான்கு பேருக்குக் குளிக்க, துவைக்க, கழுவ ஒரு நாளைக்குப் பதின்மூன்று வாளி, ஏறக்குறைய 200 லீற்றர். அதற்குப் பத்து அடி நீளம், மூன்று அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் கல் நிரப்பிய பாத்தி போதும் என்று கணக்கு வந்தது. கல்லுக்கிடையில் உள்ள இடைவெளி பத்துக்கு நாலு பங்கு என்று வைத்தால் அந்தப் பாத்தி சுமார் 500 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். உள்ளே போகும் தண்ணீர் வெளியே வர இரண்டரை நாள் ஆகும். அந்த இரண்டரை நாளில்தான் சுத்தம் நடக்கிறது. கல் அரைக் கியூப்புக்கும் குறைவு. தெரு வேலைக்குக் கொட்டி மிஞ்சிய முக்கால் அங்குலக் கல்லைக் குறைந்த விலைக்குப் பேசி எடுத்தோம். தண்ணீர் நுழையும் முனையிலும் வெளியேறும் முனையிலும் ஓர் அடி நீளத்துக்குக் கைப்பிடியளவு பெரிய கல் போட்டோம்.

பாத்தியைச் சரிவு ஓரத்தில் வைக்கவில்லை. அதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். வெட்டிய மண்சுவரின் விளிம்பிலும் வீட்டுச் சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது. வாசல் பக்கம், தட்டின் நடுவில், உறுதியான இடத்தில் வைத்தோம். அடியில் மணல் பரப்பி, தடித்த கறுப்புப் பொலித்தீனை இரட்டையாக விரித்து, நுழையும் முனையிலிருந்து வெளியேறும் முனைக்கு ஓர் அங்குலம் சாய்வு கொடுத்தோம். வெளியேறும் குழாயில் நிமிர்த்தவும் சாய்க்கவும் கூடிய ஒரு வளைவைப் பொருத்தினோம். அதை நிமிர்த்தினால் பாத்திக்குள் நீர்மட்டம் உயரும், சாய்த்தால் இறங்கும். மட்டம் எப்போதும் கல்லின் மேற்பரப்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்க வேண்டும். கல் மேலே காய்ந்து கிடந்தால் நுளம்புக்கு முட்டையிட இடமில்லை. கூரைத் தண்ணீர் உள்ளே விழாதபடி தனிப்பீலி வைத்தோம். மாரியில் மிதமிஞ்சி வருவது குழாய் வழியாக நேரே கீழ்க் காணுக்குப் போகும்.

கல்வாழைக் கிழங்கைக் காண் ஓரத்திலேயே தோண்டினோம். சம்பு ஒருவர் வயலோரத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு கைப்பிடி சேம்பும் நட்டோம். எல்லாம் முடிந்த அன்று எனக்கு ஒரே பெருமை.

ஒரு மாதத்தில் நாறியது.

மூடி மறைக்காமல் சொல்கிறேன், தவறு என்னுடையது. குளியல் தண்ணீருக்குப் போட்ட பாத்தியில் அடுப்படித் தண்ணீரையும் நேராக விட்டேன். தேங்காய்ப்பால் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் பாத்திரம் தேய்த்த சாம்பலும் நுழைவாயில் கல்லை அடைத்துவிட்டன. தண்ணீர் கல்லுக்கு மேலே தேங்கிற்று. நுளம்பு வந்தது. "ஆஸ்பத்திரிக்காரங்க செஞ்சதுன்னு சொன்னீங்க, அந்த ஆஸ்பத்திரிக்கே எங்கள அனுப்பப் போறீங்க" என்று ஒரு பாட்டி முகத்துக்கு நேரே சொன்னார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். அவர் ஏசவில்லை. ஒரு கிழமைக்குள் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் மூடுங்கள் என்றார்.

முன்பக்கக் கல்லை ஒன்றரை அடிக்கு வாரி எடுத்துக் கழுவினோம். பாத்திக்கு முன்னால் ஒரு நீலப் பிளாஸ்டிக் பரல் வைத்தோம். எல்லாத் தண்ணீரும் முதலில் பரலுக்குப் போகும். சாம்பலும் மண்ணும் அடியில் தங்கும், கொழுப்பு மேலே மிதக்கும். பரலிலிருந்து போகிற குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு முக்கால் அடி கீழே இருப்பதால் நடுவிலுள்ள நீர் மட்டுமே பாத்திக்குப் போகும். பரலை இறுக்கி மூட வேண்டும், நுளம்புக்காகவும் சின்னப் பிள்ளைகளுக்காகவும். கிழமைக்கொரு தடவை ஆடையை வழித்துக் குப்பைக் குழியில் மண்ணோடு புதைக்க வேண்டும். அருவருப்பான வேலைதான். கையுறை போடுங்கள். சோற்றுக் கஞ்சியும் கழுநீரும் பழையபடி மாட்டுக்கே போகட்டும். பாட்டிமார் வைத்த அந்த வழியைப் பரலால் ஈடுசெய்ய முடியாது. மூன்று மாதத்தில் கல்வாழை ஆளுயரம் வந்தது. வெளியேறும் தண்ணீரில் நாற்றம் இல்லை. நிறம் சற்று மங்கல், அவ்வளவுதான்.

தெளிந்து வருகிறது என்பதற்காக அது குடிக்கவோ முகம் கழுவவோ ஆகாது. வெளிக்குழாயின் அடியில் ஒரு வாளி வைத்து, அன்றன்று விழுவதை அன்றன்றே செடிக்கு ஊற்றிவிட வேண்டும். சேர்த்து வைத்தால் டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. வாழை, பப்பாசி, முருங்கை, கத்தரி, மிளகாய், கம்பில் ஏறும் போஞ்சி ஆகியவற்றின் அடியில் மண்ணில் ஊற்றலாம், இலையில் தெளிக்க வேண்டாம். வேர்கள் குடிக்கும் அளவுக்குப் பரவலாக ஊற்றுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் சரிவில் ஊறவிடாமல் காத்ததெல்லாம் வீண். பச்சையாகச் சம்பல் போடுகிற வல்லாரைக்கும், லீக்ஸ், கரட் பாத்திக்கும் இந்தத் தண்ணீர் வேண்டாம். பாத்தியிலேயே வளரும் சேம்பையும் கறிக்கு எடுக்காதீர்கள். இலைகளை வெட்டிக் குப்பைக் குழியில் போட்டால் உரம்.

இன்னும் சில தண்ணீர் பாத்திக்குள் போகவே கூடாது. குழந்தையின் மலத்துணியையும் மாதவிடாய்த் துணியையும் அலசிய முதல் தண்ணீர் மலசலகூடத்துக்குத்தான். மலசலகூட நீரை எக்காரணம் கொண்டும் இதில் இணைக்காதீர்கள். கழிவறை கழுவும் அமிலமும் குளோரினும் போனால் அழுக்கைத் தின்னும் கிருமிகள் செத்துவிடும். மலையில் களைநாசினி அடிக்கிறவர் வீட்டில் இருந்தால் அவருடைய உடுப்பைத் தனி வாளியில் துவைத்து, அந்தத் தண்ணீரைப் பாத்திக்கும் பயிருக்கும் பீலிக்கும் எட்டாத இடத்தில் ஊற்றுங்கள். சவர்க்காரத் தூளிலுள்ள உப்பை இந்தப் பாத்தியால் எடுக்க முடியாது. ஊவாவில் ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணிலுள்ள உப்பைக் கழுவிவிடும். கிணற்று நீரே உவர்ப்பாக இருக்கிற இடங்களில் வாழும் சகோதரிகள் தூளைக் குறைத்து, கட்டிச் சவர்க்காரம் பாவித்து, ஒரே மரத்துக்கு ஊற்றாமல் மாற்றி மாற்றி ஊற்றுங்கள். சமநிலத்தில் தண்ணீர் தானாக ஓடச் சாய்வு கிடைக்காது. குளிக்கும் தரையை ஒன்றரை அடி உயர்த்திக் கட்டினால் சரியாகும். யாழ்ப்பாணச் சுண்ணாம்புக் கல் நிலத்தில் மேலே ஊற்றுவது சீக்கிரமே கிணற்றில் சேர்ந்துவிடும். ஆகவே அங்கேயும் அடியில் பொலித்தீன் கட்டாயம். கிணற்றுக்கு ஐம்பது அடிக்குக் குறையாமல் தள்ளி வையுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

லயத்தின் மற்ற ஒன்பது வீட்டுத் தண்ணீரை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மூன்று வீட்டார் தாங்களும் பாத்தி போட்டார்கள். இடமில்லாத வீடுகளின் தண்ணீர் இன்னும் காணில்தான் ஓடுகிறது. காணின் வாலைச் சீமெந்து போட்டுக் கீழ்க் காணோடு இணைத்துத் தரும்படி தோட்டத்தில் மாதர் சங்கம் கையெழுத்து வாங்கிக் கொடுத்து ஏழு மாதம் நடந்தது. ஆண்கள் கேட்டிருந்தால் ஏழு நாளில் நடந்திருக்கும் என்பது என் சந்தேகம். ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு கிடைத்த குடும்பங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. 550 சதுர அடி வீடு போக அவர்களுக்கு 1,300 சதுர அடிக்கு மேல் மிஞ்சும். புதுவீடு கட்டும்போதே அடுப்படிக் குழாயையும் குளியலறைக் குழாயையும் மலசலகூடக் குழாயோடு சேர்க்காமல் தனியே வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கட்டி முடித்த பிறகு சுவரை உடைக்க யாரும் வரமாட்டார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை வந்தது. பதுளை மாவட்டத்தில் எத்தனை மலைகள் சரிந்தன, எத்தனை வீடுகள் போயின என்பதை நீங்களும் அறிவீர்கள். அக்காவின் லயத்துக்காரரைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தபோது கடைசிக் காம்பராவின் சுவரில் வெடிப்பு இல்லை. ஆனால் மேல்தட்டில், தேயிலைக்குள், கை நுழையும் அகலத்தில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. பாத்தி முழுக்கச் சேறு. மறைப்பின் ஒரு தகரத்தைக் காற்று கொண்டுபோயிருந்தது. அந்த லயத்தில் தொடர்ந்து இருக்கலாமா, வேறு இடம் தருவார்களா என்பது இதை எழுதும்வரை முடிவாகவில்லை. இத்தனை தடவை இடம்பெயர்ந்தவருக்கு நான் என்ன ஆறுதல் சொல்வது? பேசாமல் நின்றேன்.

அவர்தான் கேட்டார். "வேற எடத்துக்குப் போனா இதக் கொண்டு போகலாமா மிஸ்?"

கொண்டுபோகலாம். கல்லை வாரிக் கழுவினால் அதே கல், பரலும் குழாயும் அதே பரலும் குழாயும். கல்வாழைக் கிழங்கில் முளை உள்ள துண்டாகப் பார்த்து, ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் பத்துப் பதினைந்து நாள் தாங்கும். பொலித்தீன் மட்டும் புதிதாக வாங்க வேண்டும். கழற்றும்போது கிழியாமல் வராது.